பால் காய்ச்சுவதற்கு முன் கறை வழிந்த வீடு

போன மாதம் ஒரு காலை, நான் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து என் போனுக்கு ஒரு சுவரின் படம் வந்தது. அனுப்பியவள் கீர்த்தனா. பெயின்ட் கம்பெனியில் தேனி மாவட்டத்துக்கு நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பெண். ஜெயமங்கலத்தில் புதிதாக அடித்த சுவர் ஒன்று திட்டுத்திட்டாக நிறம் மாறிவிட்டதாம். உடனே போனிலும் கூப்பிட்டாள்.

"சார், ஆப்ல போட்டா பூஞ்சைன்னு காட்டுது. எனக்கு உப்புன்னு தோணுது. நீங்க சொல்லுங்க."

"நேர்ல போய்ப் பாத்தியாம்மா?"

"இப்பல்லாம் அவ்வளவா போறதில்ல சார். படத்தைப் பாத்தே முடிச்சு விடச் சொல்றாக."

எனக்கு வந்த கோபத்தில் இட்லி தொண்டையிலேயே நின்றுவிட்டது. "படத்துல ஈரம் தெரியுமா? வாடை தெரியுமா? அந்த வீட்டுல யாரு யாரோட பேசாம இருக்காகன்னு தெரியுமா?" என்று கத்திவிட்டேன். அவள் சிரித்தாள். "கடைசியா சொன்னதுக்கும் பெயின்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றாள். சம்பந்தம் உண்டு. போனில் சொன்னால் விளங்காது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் வேலை இதுதான்: எங்கள் கம்பெனி பெயின்ட் அடித்த வீட்டில் சுவர் கெட்டுப்போனது என்று புகார் வந்தால், போய்ப் பார்த்து, ஏன் என்று கண்டுபிடித்து, எழுதிக் கொடுக்க வேண்டும். தேனியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கலர் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த என்னை இந்த வேலைக்கு எடுத்தார்கள். மதுரையில் வைத்துக் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தார்கள். திரையில் படம் போட்டார்கள், மதியம் நல்ல சாப்பாடு போட்டார்கள். சாப்பாடு ஞாபகம் இருக்கிறது. மற்றதையெல்லாம் கற்றது எனக்கு மேலாளராக இருந்த தெய்வசிகாமணி சாரிடம்தான்.

சார் நல்ல கனத்த உடம்பு. மீசை கிடையாது. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் எந்த வீட்டுக்கும் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். "காப்பி சாப்பிடுறீகளா?" என்று கேட்டால், "பாத்துட்டுக் குடிக்கிறேன்" என்பார். பிறகு யாரிடமும் பேசாமல் நேரே சுவரிடம் போய்த் தன் கன்னத்தை அதில் ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வீட்டம்மாளுக்கும்தான். அவர் எதையும் கண்டுகொள்ள மாட்டார். கை காய்த்துப்போன தோல், அதற்கு ஈரம் தெரியாது, கன்னத்துக்குத் தெரியும் என்பார். ஒரே சுவரில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் ஒட்டிப் பார்ப்பார். கீழே மட்டும் குளிர்ந்தால் தரையிலிருந்து ஏறுகிற ஈரம். மேலே மட்டும் என்றால் மாடியைப் போய்ப் பார்.

அதற்குப் பிறகு அலுமினியத் தாள். சமையலறையில் சப்பாத்தி சுற்றுகிற அதே தாள்தான். உள்ளங்கை அளவுக்கு வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு மறுநாள் வந்து பார்க்க வேண்டும். தாளுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. இவ்வளவுதான் வித்தை. ஆனால் இதைச் செய்யாமல் தீர்ப்புச் சொன்னால் சாருக்குப் பிடிக்காது.

"யாரு தப்புன்னு கேக்காதய்யா ராஜாங்கம்," என்பார். "தண்ணி எங்கருந்து வருதுன்னு மட்டும் கேளு. நம்ம வேலை அதோட முடிஞ்சது."

கடமலைக்குண்டில் ஒரு வீடு. கூடத்துச் சுவரில் ஒரே இடத்தில் மஞ்சள் பூத்துக்கொண்டே இருந்தது. அடிக்க அடிக்கத் திரும்ப வந்தது. வீட்டுக்காரர் கொத்தனாரைத் திட்டி, பெயின்டரைத் திட்டி, கடைசியில் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். சார் கன்னத்தை ஒட்டிப் பார்த்தார், வெளியே வந்தார், பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டார். இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்பது எங்களுக்குத் தெரியாது. சார் அந்த வீட்டு அம்மாவிடம், "ஆத்தா, வெயில்ல வந்தது, முகம் கழுவத் தண்ணி கிடைக்குமா?" என்றார். அந்தம்மா பின்கட்டுக்குக் கூட்டிப் போய்த் துவைக்கிற கல்லைக் காட்டியது. இந்தப் பக்கத்துச் சுவரை ஒட்டித்தான் கல். துவைக்கிற தண்ணியெல்லாம் சுவரடியில் நின்று ஊறிக்கொண்டிருந்தது.

சார் முகத்தைக் கழுவித் துடைத்தார். "இங்கன தண்ணி நிக்குதே ஆத்தா, உங்க காலு வழுக்கிராது? ஒரு சட்டி சிமென்டைப் போட்டு அந்தப் பக்கமா வாட்டம் குடுத்துட்டா நல்லதுல்ல?" என்றார். அந்தம்மா, "நீங்க ஒருத்தர்தான்யா என் காலைப் பத்திக் கேட்டீக" என்று காப்பியே போட்டுவிட்டது. சுவரும் காய்ந்தது. இரண்டு வீட்டுக்கும் சண்டை ஒரு அங்குலம் கூட வளரவில்லை. சாமர்த்தியம் என்றால் அதுதான்!

அப்படிப்பட்ட மனுஷர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, நான் தனியாகப் பார்த்த வீடுகளில் ஒன்றைத்தான் இன்றைக்கும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்லுவேன். காமயகவுண்டன்பட்டியில், திராட்சைத் தோட்டக்காரர் சீனிச்சாமி கட்டிய வீடு.

ஐப்பசி மாதம். மறுநாள் விடியற்காலையில் அந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோகிறார்கள். வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது, வாழைமரம் வந்து இறங்கிவிட்டது. காலையில் பூட்டைத் திறந்து உள்ளே போனவர்கள் அலறியடித்து வெளியே வந்திருக்கிறார்கள். கூடம் முழுக்க, இளம் பச்சைச் சுவரில், மேலிருந்து கீழாக டீயை ஊற்றிவிட்டது போலக் கறை வழிந்திருந்தது.

எனக்குப் போன் செய்தவர் அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடித்த பாண்டி. அதே ஊர்க்காரர். கம்பத்திலிருந்து கூடலூர் வரைக்கும் நல்ல பேர் எடுத்த கை.

"அண்ணே, பெயின்ட்ல தண்ணிய ஊத்திக் கலந்துட்டேன்னு சொல்றாக. டீக்கடையில வச்சு அவுக வீட்டு மாப்பிள்ள என்னைத் திருட்டுப் பயன்னு சொல்லிட்டாரு. தீபாவளிக்கு அடிக்கச் சொன்ன ரெண்டு வீட்டுக்காரக வேற ஆள் பாத்துக்கிறோம்னு இப்பவே சொல்லிட்டாக. நான் இந்த ஊர்லதான்ணே இருக்கணும்."

பைக்கை எடுத்தேன். சின்னமனூர் தாண்டும்வரை மழை அடித்தது, உத்தமபாளையத்தில் விட்டது. போய்ச் சேர்ந்தபோது பந்தலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் பாண்டி தனியாக நின்றார். பந்தலுக்குள் நாற்காலி போட்டு உறவுக்காரர்கள். நடுவில் அந்த வீட்டு மாப்பிள்ளை செல்வம், சீனிச்சாமியின் மகளைக் கட்டியவர். மாப்பிள்ளை பேசினால் அந்த வீட்டில் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. சீனிச்சாமி பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, கம்பெனிக்காரரே," என்றார் செல்வம். "உங்காளு செஞ்ச வேலைய உள்ள போய்ப் பாருங்க. நல்ல நாளும் அதுவுமா வீடு அழுதுகிட்டு நிக்குது. சகுனம் சரியில்லன்னு பொம்பளைக உள்ள வர மாட்டேங்கிறாக."

"காப்பி சாப்பிடுறீகளா?" என்றது ஒரு குரல். பெரியவரின் மருமகள் தங்கமணி. புருஷன் முருகேசன் கொச்சிக்குத் திராட்சை லோடு ஏற்றிப் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார். முகமெல்லாம் வெளிறி நின்ற அந்தப் பெண்ணிடம், "பாத்துட்டுக் குடிக்கிறேம்மா" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

கறையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. விரலால் தொட்டேன், சோப்பு மாதிரிப் பிசுபிசுத்தது. பெயின்டில் கலர்ப் பொடியும் தண்ணீரும் பிரியாமல் ஒட்டி நிற்க ஒரு சோப்பு மாதிரிச் சரக்குச் சேர்ப்பார்கள். பெயின்ட் அடித்துச் சில நாள் நன்றாகக் காற்றாடக் காய்ந்தால் அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. காயாத பெயின்டின் மேல் ஈரம் கோத்து நின்றால், அந்தச் சரக்கு வெளியே கசிந்து பழுப்பாக வழிந்துவிடும். ஈரத் துணியால் துடைத்தால் போயே போய்விடும். சுவருக்கு ஒரு கேடும் இல்லை.

முதலில் பாண்டியின் பேரைப் பார்ப்போம் என்று என் பையிலிருந்த கறுப்புத் துணியை எடுத்துச் சுவரில் அழுத்தித் தேய்த்தேன். அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றிக் கலந்த பெயின்ட் என்றால் துணியில் மாவு மாதிரி ஒட்டும். துணி சுத்தமாக வந்தது. இன்னொரு சுவர். அதுவும் சுத்தம். என்ன அருமையான வேலை! மனசுக்குள் பாண்டியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சரி, ஈரம் எங்கிருந்து வந்தது? கன்னத்தை மேலே, நடுவே, கீழே ஒட்டினேன். சுவருக்குள் ஈரம் இல்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தேன், கீறல் இல்லை. குழாய் இன்னும் திறந்தே விடவில்லை. பால் காய்ச்சும் வரை யாரும் புழங்கக் கூடாது என்று, பெயின்ட் முடிந்த அன்றே சன்னல் கதவையெல்லாம் அடைத்துப் பூட்டிவிட்டார்களாம். அங்கே பல வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். அடைத்து வைத்தால் கொஞ்சம் வேர்க்கும். ஆனால் இந்த அளவுக்கு வழிய, உள்ளே யாரோ அண்டாவில் வெந்நீர் கொதிக்க வைத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வடக்குச் சுவரில் கறை நெஞ்சு உயரம் வரைதான் வந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு கூட இல்லை. அங்கே ஏதோ சுவரை ஒட்டி அடுக்கியிருந்திருக்கிறார்கள். தரை பளிச்சென்று கூட்டிக் கழுவியிருந்தது. குனிந்து மூக்கை வைத்தேன். ஊறிய நெல்லின் புளிப்பு வாடை. கதவின் கீழ்த் தாழ்ப்பாள் விழுகிற தரைக்குழியில் விரலை விட்டேன். ஒரு நெல்மணி வந்தது. முளை விட்டிருந்தது.

நிமிர்ந்தால் வாசலில் தங்கமணி. கையில் காப்பி டம்ளர். என் விரலில் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே," என்று பக்கத்தில் வந்து குரலை இறக்கினாள். "எங்க அப்பா வீட்டு நெல்லுண்ணே. அறுத்துப் போட்ட அன்னிக்கே மழை புடிச்சிருச்சு. களத்துல கிடந்து அம்புட்டும் முளைக்க ஆரம்பிச்சிருச்சு. அவருக்கு வேற போக்கு இல்ல. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. ரெண்டு நாளைக்குன்னு சொல்லி அடுக்குனோம், அப்பறம் ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டு நாந்தான் கழுவி விட்டேன், இருட்டுல சுவரைப் பாக்கல. பால் காய்ச்சாத வீட்டுல பொறந்த வீட்டு நெல்லை அடுக்குனேன்னு தெரிஞ்சா என்னைய இங்கன வைக்க மாட்டாகண்ணே. சொல்லிராதீக."

ஈர நெல் எப்படி வேர்க்கும் என்று விவசாயம் பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டைக்குள் கையை விட்டால் சுடும். அத்தனை மூட்டையும் அடைத்த வீட்டுக்குள் ஆவி விட்டிருக்கிறது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுத்து என்ன செய்வது என்றுதான் விளங்கவில்லை. தண்ணி எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார் என்று சார் சொன்னாரே, இங்கே அதைச் சொன்னாலே யார் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் பாண்டி வேப்பமரத்தடியிலேயே நிற்க வேண்டியதுதான். அந்தப் பிள்ளையைப் பார்த்தால் பாவமாக இருந்தது, பாண்டியை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது.

"நான் உன்னைக் காட்டிக் குடுக்க மாட்டேம்மா," என்றேன். "ஆனா பாண்டிய விட்டுட்டும் போக மாட்டேன். அந்த மனுஷன் மேல ஒரு தூசி கூட இல்ல."

நான் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டேன். பாண்டியையும்தான். செல்வம் முறைத்தார், நான் கண்டுகொள்ளவில்லை. கறுப்புத் துணியைக் காட்டினேன், அவர் கையிலேயே கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். பிறகு ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, துணியை நனைத்துப் பிழிந்து, கறையை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தேன். பச்சை அப்படியே பளிச்சென்று வந்தது. பின்னால் நின்ற பெண்கள், "அட ஆத்தா!" என்றார்கள்.

"வீட்டுக்குள்ள ஈரம் அடைஞ்சிருக்கு. பெயின்ட்லயும் குத்தமில்ல, பாண்டி கையிலயும் குத்தமில்ல. இதை நான் எங்க வேணாலும் எழுதிக் குடுப்பேன்," என்றேன்.

செல்வம் விடுவாரா? "மழை ஊருக்கெல்லாம்தான் பேயுது. பூட்டி வைக்கிற வீடு ஊருக்குள்ள இது ஒண்ணுதானா? வேற எவன் வீட்டுச் சுவராச்சும் இப்புடி வழிஞ்சிச்சா? கம்பெனியும் பெயின்டரும் கூட்டுக் களவாணிக. பூட்டுன வீட்டுக்குள்ள எங்கருந்துய்யா வந்துச்சு ஈரம்? சொல்லு!"

நான் துணியை மறுபடியும் வாளியில் நனைத்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். பாண்டி, "விடுங்கண்ணே, நான் என் கைக்காசைப் போட்டுத் திரும்ப அடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்றார். செய்யாத குற்றத்துக்கு ஒரு மனுஷன் தலையைக் குனிகிறதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"அவுக எதுக்கு அடிக்கணும்?"

தங்கமணிதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். "நாந்தான் மாமா," என்றாள் பெரியவரைப் பார்த்து. "எங்க அப்பா வீட்டு நெல்லு மழையில நனைஞ்சுபோச்சு. சாவி எடுத்து நாந்தான் இங்கன அடுக்குனேன். அந்த ஈரந்தான். பாண்டி அண்ணனை யாரும் ஒண்ணும் சொல்லாதீக. என்ன சொல்லணுமோ என்னையச் சொல்லுங்க."

அவளுடைய மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். செல்வம், "பாத்தீகளா மாமா? பால் காய்ச்சும் முந்தி..." என்று ஆரம்பித்தார்.

பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவ்வளவு நேரமும் வாயே திறக்காதவர்.

"நெல்லு மொளைச்சிருந்துச்சாம்மா?" என்றார்.

நான் சட்டைப்பையிலிருந்து அந்த ஒரு மணியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏம்ப்பா மாப்பிள்ள," என்றார் நிதானமாக. "நாளைக்கு விடிஞ்சா நம்ம இந்த வீட்டுக்குள்ள மொதல்ல என்னத்தைக் கொண்டாந்து வைக்கப் போறோம்? படி நெறைய நெல்லு. அது கடையில வாங்குன நெல்லு. மருமக மூடை மூடையாக் கொண்டாந்து வச்சிருக்கு, அதுவும் உள்ள வச்சே மொளைச்சிருக்கு. இதுக்கு மேல என்னய்யா சகுனம் கேக்குறீக?"

ஒரு கிழவி முதலில் சிரித்தாள். அப்புறம் பந்தலே சிரித்தது. தங்கமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் போய் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் சேந்து தூக்கியிருப்பேன்ல, கிறுக்கச்சி" என்று திட்டினாள்.

பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் தலையில் கட்டினார். பாண்டியின் முன்னால் போய் நின்று, "ஏலே பாண்டி, டீக்கடையில பேசுனதை டீக்கடையிலேயே திருப்பிச் சொல்லச் சொல்றேன். அது என் பொறுப்பு. இப்ப வாளிய எடு" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டில் நடந்ததை என் வேலைக் காலம் முழுக்க வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பட்டுச்சேலையை மடித்து வைத்துவிட்டுப் பெண்களெல்லாம் ஆளுக்கொரு ஈரத் துணியோடு சுவரைத் துடைத்தார்கள். சன்னல் கதவு அத்தனையும் திறந்து கிடந்தது, மேற்கு மலைக்காற்று கூடத்துக்குள் ஓடியது. கொச்சியிலிருந்து வந்து இறங்கிய முருகேசன், விஷயம் என்னவென்று கேட்பதற்குள் அவர் கையிலும் ஒரு துணியைக் கொடுத்துவிட்டார்கள். பாண்டி நடுக்கூடத்தில் நின்று, "மேலருந்து கீழ இழுங்க, வட்டமாத் தேய்க்காதீக, தண்ணிய மாத்துங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைச் சொட்டு விடாமல் குடித்தேன். அப்படி ஒரு காப்பி நான் குடித்ததே இல்லை.

செல்வத்துக்கு உயரமான ஆள் என்பதால் உத்தரத்தை ஒட்டிய வரிசை கிடைத்தது. ஸ்டூலில் ஏறி நின்று வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் துடைத்தார். அந்தப் பக்கம் முடித்து இறங்கியவர், துணியைப் பிழிந்துகொண்டே, பாண்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார்:

"எங்க வீட்டு மாடியும் அடிக்க வேண்டிக் கிடக்கு. எப்ப வர்ற?"

செல்வம் துடைத்த சுவரைப் பாண்டி ஒரு முறை நோட்டம் விட்டார்.

"வர்றேன் மாப்பிள்ள," என்றார். "நம்ம வீட்டு மாடியில மூடை கீடை கிடந்தா, முதல்ல அதைக் கீழ எறக்கி வையுங்க."